சிறு இசைக்குழுவுக்கு ஒரு சின்னம்

மேலைநாட்டில் ‘சேம்பர் மியூசிக்’ என்று ஓர் இசை வகை உண்டு. ஓர் அறைக்குள் கேட்பதற்கென்றே அமைந்த இசை அது. நாலைந்து கலைஞர்கள், ஆளுக்கொரு பங்கு, முன்னால் நின்று கோல் அசைத்து நடத்த ஆள் கிடையாது. யோசித்துப் பார்த்தால் நம்ம கச்சேரியும் ஏறக்குறைய இதுதான்: பாட்டு, பிடில், மிருதங்கம், பின்னால் தம்புரா. இரண்டையும் இணைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1993-இல் சென்னையில் வி. எஸ். நரசிம்மன் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்டு நம் கீர்த்தனைகளை மேலைநாட்டு ஒத்திசைவோடு வாசித்தது.

நாச்சாரத்திலோ ஹப்சிகுடாவிலோ இப்படி நாலு பேர் கூடி வாசிக்கத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அழைப்பிதழ் அடிக்கப் போனால் அச்சகத்தில் கேட்பார்கள், “லோகோ இருக்கா சார்?” என்று. நம்மவர் கை நேரே வீணைக்குத்தான் போகும். கூடவே ஒரு குத்துவிளக்கு, ஒரு தாமரை.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வீணையில் 24 மெட்டுகள். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினால் கறுப்புத் தீற்றல்தான் மிஞ்சும். கைப்பேசியில் இன்று அந்த அளவில்தானே எல்லாரும் பார்க்கிறார்கள்? அதோடு, வீணை எல்லா சபாவுக்கும் சொந்தம். அயர்லாந்துக்கே இந்தச் சங்கடம் வந்தது. கின்னஸ் கம்பெனி 1876-இலேயே யாழ் போன்ற ஹார்ப்பைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தது. 1922-இல் பிறந்த ஐரிஷ் அரசு அதே ஹார்ப்பை விரும்பியபோது, அதை எதிர்த்திசை பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டது!

நல்ல சின்னத்துக்கு உதாரணம் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 2004-இல் அமைத்துக்கொண்டது. எல், எஸ், ஓ என்ற மூன்று எழுத்தும் கையெடுக்காமல் இழுத்த ஒரே கோடு. உற்றுப் பார்த்தால் அந்தக் கோடே கோல் ஏந்தி நிற்கும் இசை நடத்துனர். அருமையான யோசனை. அதற்காக நம் நாலு பேர் குழு அதைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. இங்கே நடத்துனரே இல்லையே!

என்னைக் கேட்டால் தம்புராவைப் பார்க்கச் சொல்வேன். முழு வாத்தியத்தை வரைய வேண்டாம், தந்திகள் மட்டும் போதும். மூன்று மெல்லிய எஃகுத் தந்தி, மந்தர ஷட்ஜத்துக்குச் சற்றுத் தடித்த பித்தளைத் தந்தி ஒன்று. செங்குத்தாக மூன்று மெல்லிய கோடு, பக்கத்தில் ஒரு தடித்த கோடு, அவ்வளவுதான். தம்புராவுக்கென்று யாரும் கைதட்டுவதில்லை, ஆனால் மேடையில் அத்தனை பேரும் அதற்குத்தான் கட்டுப்படுகிறார்கள். தலைவர் இல்லாத குழுவுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஜெராக்ஸ் எடுத்தாலும் கெடாது, பொன்னாடையில் தைத்தாலும் தெரியும்.

இனி எழுத்து. வெளிமாநிலத் தமிழருக்கு உண்மையான சிக்கலே இங்கேதான். தமிழில் மட்டும் பெயர் போட்டால் பக்கத்து வீட்டு ரெட்டிகாருவுக்குப் புரியாது. நம்ம பிள்ளைகளே பள்ளியில் தெலுங்கும் ஹிந்தியும் படித்துவிட்டுத் தமிழை எழுத்துக்கூட்டித்தானே வாசிக்கிறார்கள்? ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் எல்லாருக்கும் புரியும், ஆனால் யாருடைய குழு என்பது தெரியாமல் போகும். பிள்ளைகள் தமிழைப் பார்க்கக் கிடைக்கும் இடங்களே சொற்பம். அழைப்பிதழிலிருந்தும் அதை எடுத்துவிட்டால் அப்புறம் எங்கே பார்ப்பார்கள்?

திருவையாற்றில் இருந்துகொண்டு தியாகராஜர் (1767–1847) தெலுங்கில் பாடினார். நாம் அந்தத் தெலுங்கு மண்ணில் இருந்துகொண்டு அதையே பாடுகிறோம். ஆகவே கோடுகளுக்குக் கீழே தமிழும் தெலுங்கும் சம மரியாதையோடு வரட்டும். ஆங்கிலம் தேவையானால் சிறிதாகக் கடைசியில்.

வடிவமைப்பவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். இரண்டு எழுத்துக்கும் கணினியில் ஒரே அளவு எண் கொடுத்தால் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரியலாம். எண்ணை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். தெலுங்கில் ஒத்தெழுத்துகள் அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கும். அதனால் தமிழ் வரி மேலே, தெலுங்கு வரி கீழே இருந்தால் ஒன்றோடொன்று இடிக்காது.