வீட்டு வலையமைப்பில் கோப்புப் பகிர்வு

வீட்டு வலையமைப்பில் கோப்புப் பகிர்வு என்பது ஒரு வீட்டிலுள்ள கணினியின் கோப்புறைகளை அவ்வீட்டின் பிற கணினிகளும் திறந்து பயன்படுத்தும் முறையாகும். விண்டோஸ் இயங்குதளம் இதற்கு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. இந்நெறிமுறை 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது. லினக்ஸ் கணினிகளில் இப்பணியைச் செய்வது சாம்பா எனப்படும் கட்டற்ற மென்பொருளாகும். இதன் முதல் வடிவத்தை ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992 இல் வெளியிட்டார்.

பகிர்வு தடைப்படுவதற்கான காரணம் முகவரி, பெயர், தீச்சுவர், அனுமதி ஆகிய நான்கனுள் ஒன்றாக இருக்கலாம். இவற்றை இவ்வரிசையிலேயே சோதித்தல் நன்று. அவசரத்தில் பாதுகாப்பு முழுவதையும் நீக்கினால் கோப்புகள் அயலார் கைக்குச் செல்லக்கூடும்.

முகவரி

இரு கணினிகளும் ஒரே ரவுட்டருடன் (திசைவி) இணைந்திருக்க வேண்டும். விருந்தினருக்கான வைஃபை இணைப்பில் உள்ள கணினி பிறவற்றை அணுகாதபடி பல திசைவிகள் தடுக்கின்றன. முகவரி 169.254 எனத் தொடங்கினால், திசைவியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள்.

திசைவி வழங்கும் முகவரி மாறக்கூடியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய நீண்ட மின்தடைக்குப் பின் கணினி வேறு முகவரியைப் பெறலாம்; பழைய முகவரியைக் கொண்ட குறுக்குவழி அப்போது திறக்காது. கோப்புகள் உள்ள கணினிக்குத் திசைவியில் ஒரு முகவரியை நிலையாக ஒதுக்குவது இதற்குத் தீர்வாகும்.

பெயர்

\\192.168.1.10 என்பது போல முகவரியைத் தட்டும்போது கோப்புறை திறந்து, கணினியின் பெயரைத் தட்டும்போது திறக்காவிடில், பிழை பெயரறிதலில் உள்ளது. வலையமைப்புப் பட்டியலில் பெயர் தோன்றாததால் மட்டும் இணைப்பு இல்லை என முடிவு செய்யலாகாது.

தீச்சுவர்

வலையமைப்பு "பொது" எனக் குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பகிர்வைத் தடுக்கும். வீட்டு இணைப்பைத் "தனியார்" என மாற்றினால் போதும். தீச்சுவரை முற்றிலும் அணைக்கத் தேவையில்லை.

அனுமதி

பகிர்வுக்கான அனுமதி, வட்டிலுள்ள கோப்புறைக்கான அனுமதி என இரண்டு உண்டு. இவற்றுள் கடுமையானதே செல்லும். நுழையும்போது பயனர் கணக்கின் கடவுச்சொல்லைத் தர வேண்டும். கணினியைத் திறக்கும் பின் எண் இங்கு ஏற்கப்படாது.

பாதுகாப்பு

பழைய கருவிகளுக்காக எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை மீண்டும் இயக்குவது ஆபத்தானது. 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் அப்பதிப்பின் குறைபாட்டைப் பயன்படுத்தியே பிரித்தானிய மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, நிறுவாதவர்களே பாதிக்கப்பட்டனர்.

வீட்டிற்கு வெளியே

192.168 எனத் தொடங்கும் முகவரி ஒரு வீட்டிற்குள் மட்டுமே பொருள்படும். கடலூரில் ஒரு வீட்டிலும் சிதம்பரத்தில் இன்னொரு வீட்டிலும் ஒரே முகவரி இருக்கலாம். எனவே சிதம்பரத்திலிருந்து கடலூர்க் கணினியை இம்முகவரியால் அணுக இயலாது. இதற்காக 445 ஆம் துறையை இணையத்திற்குத் திறந்துவிடுதல் கூடாது, வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பே தக்க வழியாகும்.