அண்ணன்மார் கதையும் ஆண்டுக் கணக்கும்

கொங்கு நாட்டிற் பிறந்தோர்க்குப் பொன்னர் சங்கர் கதையை எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை யொக்கும். குன்றுடையான் கதை யென்றும் அண்ணன்மார் சுவாமி கதை யென்றும் வழங்கும் இது, உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்பெறுவது. கேட்குங்கால் இனிது, ஆயினும், எழுதுகோலும் காகிதமுங் கொண்டு அதனுள் வரும் ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்பவர்க்குத் தலை சுற்றும். நம் நாட்டு வரலாறு எழுதப் புகுவோருள் ஒரு சாரார் இக்கதையையே முதற்சான்றாக் காட்டுகின்றனர். மற்றொரு சாரார் இக்கணக்குப் பிழைகளைச் சுட்டி, முழுதும் பொய்யென்று தள்ளுகின்றனர். இவ்விரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து.

முதற்கண் கதைக்குள்ளேயே உள்ள முரணை நோக்குவோம். பாடுவோர் பலர் கூறுமாறு, பெற்றோரை இழந்த சிறுவன் குன்றுடையானைப் பங்காளிகள் துரத்திவிடுகின்றனர். அவன் வளர்ந்து தாமரையை மணந்து, நெடுநாள் மகவின்றி வருந்துகின்றான். தாமரை 21 ஆண்டு தவங்கிடந்து வரம் பெறுகின்றாள். பொன்னர், சங்கர், தங்காள் மூவரும் ஒருங்கே பிறக்கின்றனர். அண்ணன்மார்க்கு விதித்த ஆயுள் 16 ஆண்டு. துரத்திய காலத்திற் பங்காளிகட்கு வயது இருபத்தைந்து என்று குறைத்தே கொள்வோம். குன்றுடையான் வளர்ந்து மணந்து மகவுக்கு ஏங்கிய காலம் ஓர் இருபதாண்டு, தவம் 21, பிள்ளைகள் வாளெடுக்கும் வயது பத்துக்கு மேல். ஆக, அப்பங்காளிகள் எழுபத்தைந்தைக் கடந்த கிழவராயிருத்தல் வேண்டும். பாட்டிலோ அவர்கள் முதலிற் கண்ட மிடுக்குடனேயே வந்து வம்பு செய்கின்றனர்!

அன்றியும், அப்பதினாறு ஆண்டுக்குள் அடங்கவேண்டியவை எத்தனை? மறைவில் வளர்தல், வீடு திரும்புதல், மணம், பங்காளிகளை ஒறுத்தல், சோழனோடு பிணக்கு, கொம்பன் என்னும் பன்றியை வேட்டையாடல், வேட்டுவரோடு போர், வீரப்பூர்ப் படுகளம். ஆண்டுக்கொன்றாக வைப்பினும் மூச்சு முட்டும்.

வெளி வரலாற்றோடு ஒப்பிடின் இடர்ப்பாடு இன்னும் மிகும். கதையில் வரும் சோழன் உறையூரில் வீற்றிருக்கின்றான். உறையூர் சங்க காலத்துத் தலைநகர். 9-ஆம் நூற்றாண்டில் விஜயாலயன் தஞ்சையைக் கைக்கொண்டபின் சோழர் தலைமை அவ்வூரினின்றும் நீங்கிற்று. பேரரசும் மூன்றாம் இராஜேந்திரனோடு 1279-இல் முடிந்தது. கதையிற் காணும் காணியாட்சியும் குடிவழக்கும் அதற்குப் பிற்பட்ட காலத்தையே நினைப்பூட்டுகின்றன. போதாக்குறைக்கு, அண்ணன்மார் பாண்டவரின் மறுபிறப்பு என்பர். கலியுகம் கி. மு. 3102-இல் தொடங்கிற்றென்பது பழைய கணக்கு. இடைப்பட்ட பல்லாயிரம் ஆண்டு அவ்வீரர் எங்கிருந்தனர் என்று பாட்டு வினவுவதில்லை.

இக்குறை நாட்டுப்புறப் பாடகர்க்கே உரியதென்று புன்னகை செய்வோர் வியாசபாரதத்தை நோக்குக. போர் தொடங்குமுன் கண்ணன் கன்னனிடம், இன்னும் ஏழாம் நாள் அமாவாசை, அன்றே போர் தொடங்குக என்கின்றான். அமாவாசையன்று தொடங்கின், பதினான்காம் நாளிரவு ஏறக்குறையப் பௌர்ணமி. பொழுது சாயும்போதே நிலவு வந்திருத்தல் வேண்டும். துரோண பருவமோ அவ்விரவில் தீவட்டி ஏற்றிப் போர் செய்தமையும், இருளிற் களைத்துப் படைகள் உறங்கியமையும், இரவின் கடைப்பகுதியிலேயே திங்கள் எழுந்தமையும் கூறுகின்றது. இது பௌர்ணமியை ஒட்டித் தொடங்கிய போருக்கன்றிப் பொருந்தாது. பலராமன் பூசத்திற் புறப்பட்டு, 42 நாள் தீர்த்தயாத்திரை செய்து, ஓணத்தன்று போரின் இறுதி நாளில் மீண்டான் என்னும் குறிப்பும் இப்பௌர்ணமிக் கணக்கிற்கே துணையாகும். ஆனால் வீட்டுமர் உயிர் நீத்த நாள் வளர்பிறையாதல் வேண்டுமெனின், அமாவாசைக் கணக்கே சரியாய் வருகின்றது!

வீட்டுமர் சரசயனத்திற் கிடந்தது 58 இரவு. அவர் வீழ்ந்தது பத்தாம் நாள். போரில் எஞ்சியவை 8 நாள். தருமன் நகரில் தங்கியது 50 இரவு. கூட்டினால் 58, மிகச் சரி. இடையே கங்கைக் கரையில் ஒரு மாதம் துக்கங்காத்ததாகச் சாந்தி பருவத்தின் தொடக்கம் கூறுகின்றதே. அம்மாதத்தை எங்கே வைப்பது? உரையாசிரியரும் வானநூலாரும் இதனைத் தீர்க்கப் பெரிதும் முயன்றுள்ளனர். பல வாய்வழி மரபுகள் ஒரு நூலிற் கலந்தமையின் விளைவென்று கொள்வதே எளிது.

அண்ணன்மார் கதைக்கும் இவ்விடையே பொருந்தும். 16 என்பது மார்க்கண்டேயன் நினைவை எழுப்பும் எண். இளமையில் மடியும் வீரர்க்கு அதனைக் காட்டிலும் தக்க வயது வேறில்லை. 21 அருந்தவத்தின் அளவைக் காட்டுவது. இவை பஞ்சாங்க எண்களல்ல. சோழன் என்னும் பெயரும் இன்ன அரசன் என்று சுட்டாமல், மேலாண்மை செலுத்தியவன் எவனுக்கும் நின்ற பொதுப்பெயராகலாம். கொங்குச் சோழர் என்றொரு கிளையினர் இந்நாட்டையே ஆண்டமையால் அப்பெயர் மக்கள் நாவில் நிலைத்தது வியப்பன்று.

பாடும் முறையும் ஒரு காரணம். பாடகர் ஓரிரவிற்கு ஒரு பகுதியாகப் பாடுகின்றனர். கேட்போர் விரும்பும் இடத்தை விரிப்பர், பொழுது புலரின் சுருக்குவர். அன்றன்றைய பகுதி தன்னளவில் முழுமை பெற்றாற் போதும். பங்காளியின் வயதை எவரும் முந்திய வாரத்தோடு ஒப்பிடுவதில்லை. கனடா நாட்டு மானிடவியலறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1965-இல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். அவையிற் பாடியதும் எழுத்திற்காகச் சொல்லியதும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதை 1982-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டியுள்ளார். 1971-இல் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த பாடமும் இப்பதிவும் அருகருகே வைத்துப் படிக்கத்தக்கவை.

ஆகவே, இக்கதையிலிருந்து ஓர் அரசனின் ஆண்டைப் பெற முயல்வது வீண். அதற்குக் கோயிற் கல்வெட்டுக்கள் உள. பங்காளிக் காய்ச்சல் எவ்வாறு மூண்டது, வேட்டுவர்க்கும் வேளாளர்க்கும் நிலத்தின்மேற் பூசல் எவ்வாறிருந்தது, உடன்பிறந்தாள் சொல்லுக்கு வீட்டில் எத்துணை மதிப்பு என்பனவற்றுக்கு இதனினும் நெருங்கிய சான்று அரிது. இதனைத் தொகுக்க விழையும் மாணவர், பாடகரிடம் ஆண்டைக் கேளாது, எவ்வூரில், எத்தனையாம் இரவில், எவர் கேட்க எப்பகுதி பாடப்பெற்றதென்று முதலிற் குறித்துக்கொள்க. மாசி மாதத்தில் மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரிற் படுகள விழா நிகழுங்கால் பாடகர் பலரை ஒருங்கே காணலாம்.