பாத்திரம் அலசுன தண்ணியை கொட்டாதீங்க! 10 குடத்தில் 5 பேர் குடும்பம் சமாளிப்பது எப்படி?

சென்னை,

கோடை வெயில் கொளுத்த தொடங்கினாலே சென்னை வாசிகளுக்கு வயிற்றில் புளியை கரைக்கும். குழாயில் காத்து தான் வருது, லாரி எப்ப வரும் என்று தெருமுனையில் வரிசையாக குடங்கள் காத்து கிடக்கும்.

2019-ம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று 4 ஏரிகளும் ஜூன் மாதம் ஏறக்குறைய வறண்டே போயின. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரெயில் ஜூலை 12-ந் தேதி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

அந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்கு 10 குடம் தான் கிடைத்தது என்று வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். 10 குடம் என்றால் 150 லிட்டர். வீட்டில் 5 பேர். எப்படி சமாளிப்பது?

குடிக்க, சமைக்க 2 குடம். இதில் கை வைக்கவே கூடாது, தனியாக மூடி வைத்து விட வேண்டும். குளிக்க ஆளுக்கு ஒரு பக்கெட் வீதம் 5 குடம் போய் விடும். மிச்சம் 3 குடம். பாத்திரத்துக்கு 1, துணிக்கு 2. கணக்கு முடிந்து விட்டது. அப்ப கழிவறைக்கு?

அங்கே தான் சூட்சுமம் இருக்கிறது. கழிவறைக்கு புது தண்ணீர் ஒரு சொட்டு கூட எடுக்க கூடாது. துணி அலசிய தண்ணீர், பாத்திரத்தை கடைசியாக அலசிய தண்ணீர் இரண்டும் அங்கே தான் போக வேண்டும். பத்தவில்லையா? அகலமான டப்பில் நின்று குளித்தால் அந்த தண்ணீரையும் பிடித்து விடலாம். சோப்பு தண்ணீரை அன்றைக்கே தீர்த்து விடுங்கள். மறுநாள் வரை வைத்தால் நாறும்.

துணி அலச இரண்டு பக்கெட் வையுங்கள். சோப்பு போட்டு கும்மிய துணியை நன்றாக பிழிந்து விட்டு முதல் பக்கெட்டில் முக்கி, பிறகு இரண்டாவதில் அலசுங்கள். பிழியாமல் முக்கினால் நாலு பக்கெட் ஆனாலும் நுரை போகாது. இரண்டாவது பக்கெட் தண்ணீர் தெளிவாக தான் இருக்கும். அடுத்த துணிக்கு அதுவே முதல் பக்கெட். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரத்தை ஊற போட்டால் பிசுக்கும் சீக்கிரம் விடும். எண்ணெய் சட்டியை பழைய பேப்பரால் துடைத்து விட்டு கழுவினால் பாதி தண்ணீர் போதும்.

பிளஷ் டேங்க் உள்ள வீடுகளில் பழைய மாடல் ஒவ்வொரு தடவையும் 10 லிட்டர் வரை இறக்கி விடும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி டேங்குக்குள் போட்டு விட்டால், தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் போடுகிறார்கள் சிலர். வேண்டாம், கரைந்து போய் அடைத்து கொள்ளும்.

குழாய் சொட்டுவதை யாரும் பெரிசா எடுத்துக்கிறதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே ஒரு நாளைக்கு சுமார் 20 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேலே! வாஷர் மாற்றினால் போதும், சில ரூபாய் தான் செலவு. ஒரு குடத்துக்கு முட்டி மோதும் அதே தெருவில் மாடி டேங்க் நிரம்பி வழிந்து ஓடுவதையும் பார்க்கத்தானே செய்கிறோம்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. புது தண்ணீர் லாரி வந்ததும் டிரம்மில் இருக்கிற 'பழைய' தண்ணியை சாக்கடையில் கவிழ்த்து விடுவது. நேற்று பிடித்த தண்ணீர் கெட்டு போகாது. சுத்தமான டிரம்மில் மூடி வைத்திருந்தால் அதை குளிக்க, துவைக்க தாராளமாக பயன்படுத்தலாம். குடிக்கும் தண்ணீரை மட்டும் நன்றாக கொதிக்க வைத்து ஆற வையுங்கள்.

ஆனால் சேமிக்கிறேன் என்று டிரம்மை திறந்து போட்டால் வேறு வம்பு வந்து சேரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை தேடி போகாது, இப்படி பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் தான் முட்டை இடும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டி கொண்டு, தண்ணீர் இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாக பறந்து விடும். அதனால் வாரம் ஒரு முறை டிரம் காலியாகும் போது உள்சுவரை நார் போட்டு அழுத்தி தேய்க்க வேண்டும். வெறுமனே அலசினால் முட்டை போகாது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பழைய வேட்டி துணியை போட்டு கயிறு கட்டுங்கள்.

மெட்ரோ குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் ஆபத்து. குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்து சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். போர் போட்டவர்கள் தண்ணீர் ஏறவில்லை என்று மோட்டாரை ஓட விட்டு கொண்டே இருந்தால் காயில் எரிந்து விடும்.

கோடை மழை திடீரென்று ஒரு நாள் கொட்டும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கும் மேல் விழுகிறது. கிட்டத்தட்ட 60 குடம்! முதலில் வரும் அழுக்கு தண்ணீரை விட்டு விட்டு, பிறகு வருவதை பிடித்தால் துவைக்க, கழுவ ஆகும்.

மழைநீர் சேகரிப்பை 2003-ம் ஆண்டிலேயே தமிழக அரசு கட்டாயமாக்கியது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, ஆனால் அடியில் உள்ள குழி மண் அடைத்து கிடக்கிறது. அதை தோண்டி, ஜல்லியையும் மணலையும் எடுத்து அலசி மறுபடி போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அக்டோபரில் வடகிழக்கு பருவமழை தொடங்குவதற்குள் முடித்து விடுங்கள்.