அழித்தலும் மீட்டலும்

தொண்டைமானாற்றிலே கடனீரேரி கடலோடு கூடுமிடத்தில் தடுப்பணையொன்று உளது. அதன் கதவுகள் மூடியிருக்குங்கால் மாரிநீர் உள்ளே தேங்கிப் பயன்படும்; திறந்துவிட்டாற் கடலிற் கலக்கும். கலந்த நீர் மீளாது. தேங்கிய நீருக்கும் கலந்த நீருக்குமுள்ள இவ்வேறுபாட்டினையே, விசைப்பலகையால் இயக்கப்படும் உரைத்தொகுப்பியைக் கணினியிற் பயிலும் மாணவன் முதற்கண் உணர்தல் வேண்டும்.

அமெரிக்காவிலே, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திற் பயின்ற பில் ஜோய் என்பார் 1976ஆம் ஆண்டில் 'வி-ஐ' என்னும் தொகுப்பியை ஆக்கினார். அதன் வழிவந்த 'விம்' என்பதனை ஒல்லாந்து நாட்டவரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டார். இவற்றில் எழுதுநிலை, ஏவல்நிலை என இரண்டு நிலைகள் முதன்மையானவை. எழுதுநிலையில் 'டி' விசை அவ்வெழுத்தையே தரும். 'எஸ்கேப்' விசையை அழுத்தி ஏவல்நிலை புக்கபின், அதே 'டி'யை இருமுறை அழுத்தின் ஒரு வரி முழுவதும் மறையும். புதியவர் அஞ்சுவது இவ்விடத்தேயாம்.

அவ்வச்சம் வேண்டா. மறைந்த வரி அழிந்திலது. தொகுப்பியின் உள்ளறையொன்றிற் சேர்ந்துளது. 'பி' விசையை அழுத்தின், சுட்டி நிற்கும் வரியின் கீழே அது மீண்டும் தோன்றும். ஆதலின் ஒரு வரியை வேறிடத்துக்குப் பெயர்த்தற்கும் இம்முறையே போதும்.

முதல் வரியை மீட்காமலே இன்னொரு வரியையும் நீக்கினால் யாதாகும்? 'பி' விசை பின்னதனையே தரும். ஆயினும் முன்னது இழக்கப்பட்டிலது. இறுதியாக நீக்கிய ஒன்பது வரிப்பகுதிகள் 1 முதல் 9 வரை எண்ணிட்ட அறைகளில் முறையே வைக்கப்படும். இரட்டை மேற்கோட்குறி, 2, 'பி' என்னும் மூன்றையும் தொடர்ந்து அழுத்தின் முன்னது கிடைக்கும். 'யு' விசையோ செய்த மாற்றத்தையே இல்லாதாக்கிப் பழைய நிலையைத் தரும். பழைய 'வி-ஐ' இறுதி மாற்றம் ஒன்றையே இவ்வாறு மீட்டது. 'விம்' பல மாற்றங்களைப் படிப்படியாக மீட்கும்.

எனினும் இவ்வணைக்கும் கதவு உண்டு. சேமியாது வெளியேறினால், இறுதியாகச் சேமித்தபின் எழுதியவை கடலிற் கலந்தனவாம். சேமித்து வெளியேறினும், தனியே ஏற்பாடு செய்திருந்தாலன்றி, 'யு' விசை பழைய மாற்றங்களை மறுநாள் மீட்டுத் தராது.

நீக்குதற்கு அஞ்சுபவன் தன் உரையைத் திருத்தான். நீக்கியது மீளுமென அறிந்தவனே வேண்டாதவற்றைத் துணிந்து களைவான். எவ்விடத்து மீளாதென அறிந்தவனே காலத்தாற் சேமிப்பான். நல்லுரை எழுதுதற்கு இவ்விரண்டறிவும் வேண்டும்.