டைல்ஸைப் பேர்க்கும் முன்

உத்திரமேரூர் சுற்றுவட்டார ஊர்களில் குளியலறை கொல்லையிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது கட்டும் வீடுகள் பலவற்றில் படுக்கையறைக்கும் அதற்கும் ஒரே சுவர்தான். முன்பு தண்ணீர் கசிந்தால் வாழைக்குப் போகும். இன்று பீரோவுக்குப் பின்னால் சுவர் ஊறி, பெயின்ட் பொரிந்து உதிர்ந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. வந்து பார்க்கும் மேஸ்திரி, "டைல்ஸைப் பேர்த்துப் பார்த்துடலாம்" என்பார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். பேர்த்தால் செலவு மட்டுமல்ல, யார் வேலையில் குறை என்று காட்டும் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

முதலில் ஓதம் எப்போது கூடுகிறது என்று கவனியுங்கள். ராப்பகலாக ஒரே ஈரம் என்றால், தண்ணீர் வரும் பைப்பைச் சந்தேகிக்கலாம். குளித்த பிறகு மட்டும் கூடினால், தண்ணீர் வெளியேறும் வழியில் கோளாறு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சுவரின் அடியில் ஏறி, கோடையில் தானே காய்ந்தால் அது கசிவே இல்லாமலும் இருக்கலாம். ஏரி நிரம்பி நிலத்தடி நீர் மேலே வரும் ஊர்களில் அஸ்திவாரம் வழியாகவே ஈரம் ஏறும். அதற்குக் குளியலறையை உடைத்து ஒரு பயனும் இல்லை.

அடுத்து, ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கினால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது. சில்லறைச் செலவில் தீரும் வேலை இது. பிறகு ஒரு ராத்திரி, மேல் டேங்கை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியிருந்தால் பைப் கசிகிறது. குளியலறைக்குப் போகும் கேட் வால்வை மட்டும் மூடி மறுநாள் ராத்திரியும் பாருங்கள். மட்டம் அப்படியே நின்றால், குறை அந்த லைனில்தான்.

டேங்க் மட்டம் இறங்கவே இல்லையா? தரையில் இருக்கும் ட்ராப்பைப் பிளாஸ்டிக் பை சுற்றிய துணியால் இறுக அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, டைல்ஸில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு நாள் கழித்து நன்றாக வற்றியிருந்தால் டைல்ஸ் இடுக்கு அல்லது தரையும் சுவரும் சேரும் மூலை. வற்றாமல் நின்று, அடைப்பை எடுத்ததும் சுவர் ஈரமானால் ட்ராப் இணைப்பு. ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் கேள்வி வந்தால் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான்.

ஊறிய சுவரில் சுவிட்ச் போர்டோ கீசர் வயரோ இருந்தால் மட்டும் சோதனையெல்லாம் அப்புறம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஊராட்சிக் குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். அப்போது விரிசல் வழியே சுற்றியிருக்கும் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். வீட்டில் பலருக்கு ஒன்றாக வயிற்றுப்போக்கு வந்தால் இதையும் யோசியுங்கள். செப்டிக் டேங்கில் கசிவா என்று பார்க்க ஆளை உள்ளே இறக்குவது உயிர்க்கொலைக்குச் சமம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

மொத்தத் தொகை பேசிக் கட்டிக்கொடுத்தவரின் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 1915-க்கு அழைத்து வழி கேட்கலாம். நாள் கூலிக்கு ஆள் வைத்து நீங்களே நின்று கட்டியிருந்தால் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அன்றாடம் கூலி வாங்கியவரை இழுப்பது நியாயமுமில்லை. பைப்பே மட்டம் என்றால் கடைக்காரர், தயாரிப்பாளர் மேல் போகலாம். குடிநீர் பிவிசி பைப்பில் ஐஎஸ் 4985 என்று அச்சிட்டிருக்க வேண்டும். எழுத்து தெரியும் துண்டு ஒன்றையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

கசிவு வீட்டுக்கு வெளியே, தெருவில் போகும் மெயின் குழாயில் என்றால் ஊராட்சிதான் சரிசெய்ய வேண்டும். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடக்காவிட்டால் 1100-க்குப் புகார் செய்யலாம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்று குழாய் உடைப்பைப் பேசக் கூடாதென்று யாரும் சொல்ல முடியாது. பேசியதோடு எழுந்து வந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.