கலீலியோவை எரித்தார்களா?

விஞ்ஞானிகளைத் திருச்சபை உயிரோடு எரித்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. கூடவே கலீலியோவின் பெயரும் வரும். அதைக் கேட்ட பிள்ளை பள்ளியில் போய்ச் சொன்னால் ஆசிரியர் திருத்துவார். கலீலியோ எரிக்கப்படவில்லை. 1633இல் ரோமில் விசாரிக்கப்பட்டு, பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்ய வைக்கப்பட்டார். ஃபுளோரன்ஸ் அருகே வீட்டுக்காவலில் இருந்து 1642இல் இறந்தார். 1600இல் எரிக்கப்பட்டவர் புரூனோ. திரித்துவத்தை மறுத்தது போன்ற இறையியல் குற்றச்சாட்டுகளே அவர்மீது முதன்மையாக இருந்தன.

அநீதி நடக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதன் காரணம் அறிவியல் வெறுப்பு அல்ல. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் தேவாலயப் பொறுப்பில் இருந்தவர். 1543இல் வெளிவந்த தம் நூலைப் போப்புக்கே சமர்ப்பித்தார். அது தடைக்குள்ளானது 73 ஆண்டுகள் கழித்து, 1616இல்தான். அரிஸ்டாட்டில், தாலமி ஆகியோரின் வானியலே அன்றைய பல்கலைக்கழகங்களின் அறிவியல். (அரிஸ்டாட்டிலைப் புரிந்துகொள்ள ஐரோப்பா நம் இப்னு ருஷ்தின் விரிவுரைகளைக் கையில் வைத்திருந்தது தனிக்கதை.) அந்த வானியலைத் திருச்சபை வேதத்தின் பொருளோடு பிணைத்துவிட்டது. வானியல் ஆட்டம் கண்டபோது வேதமே ஆட்டம் காண்பதாக அஞ்சியது.

இதே தவறு மறுபக்கமாகவும் நடந்தது. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதியவர் பெல்ஜியத்தின் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமெய்த்ர். பெருவெடிப்புக் கொள்கையின் முன்னோடி அவர்தான். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் படைப்பை உறுதிப்படுத்திவிட்டது என்ற பொருளில் பேசினார். பாதிரியார் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? மாறாகச் சங்கடப்பட்டார். தம் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மறு ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசிய போப், அந்த வாதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

நம் பயான்களிலோ அந்த வாதம் இன்றும் ஓடுகிறது. வானமும் பூமியும் இணைந்திருந்து பிரிக்கப்பட்டதைப் பேசும் 21:30 வசனம்தான் பெருவெடிப்பு என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். கொள்கை நாளை திருத்தப்பட்டால் கல்லூரி செல்லும் நம் பிள்ளை சந்தேகிப்பது கொள்கையை அல்ல, வசனத்தை. வானம் மழை பொழியாமலும் பூமி பயிர் முளைக்காமலும் மூடியிருந்தன, பிறகு மழையாலும் பயிராலும் திறக்கப்பட்டன என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் விளக்கம் தஃப்ஸீர் நூல்களில் இருக்கிறது. அதைச் சொல்லும் பயானைக் கேட்பது அரிது.