சாப்பிட்டாச்சா? இல்லே சார், குடிச்சாச்சு!

தமிழ்நாட்டில் ஒருவரை நலம் விசாரிக்க 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்கவே வேண்டாம். 'சாப்பிட்டாச்சா?' போதும். உடம்பு, வருமானம், வீட்டு நிலவரம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடக்கம். அந்தக் கேள்விக்குப் பத்து நாள் 'இல்லை' என்றே பதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இட்லி இல்லை, பொங்கல் இல்லை, மெஸ் சாப்பாடு இல்லை. நாலு வேளையும் ஷேக்கரில் குலுக்கிய பவுடர் தண்ணீர்தான்.

ஏன் இந்த விபரீத ஆசை?

ஆபீஸில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். லீவு கிடைக்குமே என்று கையை நீட்டினேன். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.2 என்று காகிதம் வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை வியாதி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வயது 29, எடை 87 கிலோ. அப்பாவுக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் அவருடைய இடது கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேனே தவிர, கணக்கை மடிக்க முடியவில்லை.

பக்கத்து சீட்காரர்தான் சொன்னார், "பவுடர் இருக்குப்பா, சாப்பாட்டுக்குப் பதிலா. வெள்ளைக்காரன் குடிச்சே சர்க்கரையை விரட்டிட்டான்!"

வழக்கமாக அவர் சொல்வதில் முக்கால்வாசி வாட்ஸ்அப் வதந்தி. இது மட்டும் கிட்டத்தட்ட நிஜம். பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் நடத்திய ஆராய்ச்சி, 2017ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்ட 149 பேருக்கு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை, தினம் சுமார் 850 கலோரிக்குள் திரவ உணவு மட்டும். பிறகு மெள்ள மெள்ளச் சாதாரணச் சாப்பாடு. ஒரு வருஷ முடிவில் 46 சதவிகிதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள்! இந்த வைத்தியம் இல்லாமல் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவிகிதம்தான். பதினைந்து கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் தேறிவிட்டார்கள்.

டாக்டரிடம் போனேன். "தம்பி, அவங்க எல்லாரும் தொடர்ந்து கண்காணிப்புல இருந்தவங்க. நீங்க பத்து நாள் பண்ணுங்க, அதுக்கு மேல வேணாம். தினம் ரெண்டரை லிட்டர் தண்ணி. தலை சுத்தினா உடனே நிறுத்திட்டு என்கிட்ட வாங்க" என்றார்.

டப்பா வாங்கினேன். அந்த விலைக்கு எங்கள் மெஸ்ஸில் பத்து நாள் அளவுச் சாப்பாடு ஓடும்.

டப்பாவின் பூர்வீகம்

இந்த பவுடர் வகையறா இன்று நேற்று வந்ததில்லை. 1959ல் அமெரிக்காவில் மெட்ரெகால் என்று ஒன்று வந்தது. நாளைக்கு நாலு டம்ளர், மொத்தம் 900 கலோரி. ஆபீஸ்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் குடிப்பது ஒரு ஃபேஷனாகவே இருந்தது.

அடுத்த கதைதான் பயங்கரம். 1976ல் ஒரு டாக்டர் புத்தகம் எழுதி, ஒரு புரதத் திரவத்தைப் பிரபலமாக்கினார். கசாப்புக் கடையில் மிச்சமாகும் தோலிலும் தசைநாரிலும் காய்ச்சி எடுத்த சமாசாரம் அது. நாளைக்கு 400 கலோரிகூடத் தேறாது. எடை குறைந்தது நிஜம். ஆனால் இதயத் துடிப்பு தடுமாறிப் பலர் இறந்து போனார்கள். அமெரிக்க அரசு விசாரித்த மரணங்கள் மட்டும் ஐம்பதுக்கும் மேல். புரதம் மட்டும் இருந்தால் போதாது, அது நல்ல புரதமாகவும், கூடவே பொட்டாசியம் முதலான உப்புக்களும் இருக்க வேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்ட விலை அது.

1988 நவம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் டி.வி. நிகழ்ச்சிக்குக் குட்டித் தள்ளுவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். வண்டியில் 67 பவுண்டு கொழுப்பு. அதாவது சுமார் 30 கிலோ. நாலு மாதத் திரவ உணவில் அவர் குறைத்த எடை அவ்வளவு. அரங்கமே கைதட்டியது. அப்புறம் எடை திரும்பி வந்துவிட்டது என்பதையும் அவரேதான் சொன்னார்.

2013ல் ராப் ரைன்ஹார்ட் என்ற அமெரிக்க இன்ஜினீயர், சமைக்க நேரமும் காசும் இல்லையென்று, சத்துக்களைத் தனித்தனியாக வாங்கிக் கலக்கி 30 நாள் குடித்தார். முதல் கலவையில் இரும்புச்சத்து விட்டுப் போய் இதயம் படபடத்ததாம்! பிறகு அதையே 'சாய்லென்ட்' என்று பெயர் வைத்து விற்றார். 1973ல் 'சாய்லென்ட் கிரீன்' என்று ஒரு படம் வந்தது. அதில் வரும் உணவு மனித மாமிசம். பெயர் வைப்பதில் மனுஷனுக்குத் தைரியம் ஜாஸ்தி.

என் பத்து நாள்

முதல் நாள் ஜோராகப் போனது. வெனிலா வாசனை. ஐந்து நிமிஷத்தில் டிபன் முடிந்தது.

இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் கோபம். ஒரு சாதாரண வவுச்சரைத் திருப்பி அனுப்பி, அதில் காரணம் நாலு வரி எழுதினேன். நாலாம் நாள்... எப்படிச் சொல்வது? காலைக்கடன் நிலுவையில் நின்றது. நார்ச்சத்து போதவில்லை என்று டாக்டர் இசப்கோல் எழுதிக் கொடுத்தார்.

லாபமும் உண்டு. மெஸ்ஸுக்கு நடந்து, டோக்கன் வாங்கி, இலைக்குக் காத்திருந்து, சாப்பிட்டுத் திரும்பும் நேரம் தினம் ஒன்றரை மணி மிச்சம். அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? ஆம்பூர் பிரியாணி செய்வது எப்படி என்று வீடியோ பார்த்தேன். இதிலும் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களை 24 வாரம் பாதி வயிற்றோடு வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களில் பலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்!

ஐந்தாம் நாள் மெஸ் அண்ணாச்சி தெருவில் பிடித்துவிட்டார். "என்ன தம்பி, வேற மெஸ்ஸு பாத்துட்டீகளா? சாம்பார் சரியில்லைன்னா சொல்லணும்லா?" அவர் முகத்தில் நிஜமான வருத்தம். டப்பா விஷயத்தைச் சொன்னேன். "சோத்துக்குப் பதிலு மாவா?" என்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அன்று ராத்திரி அம்மா போன். "சாப்டியாடா?"

"குடிச்சேம்மா."

மறுமுனையில் சத்தமே இல்லை. போன் அப்பா கைக்கு மாறியது. "எத்தனை நாளா?" என்றார், கோர்ட் குரலில். அவசரமாக பவுடர், 6.2, டாக்டர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாருப்பா."

"அப்பக் குடி. எனக்கு அந்த வயசுல யாரும் சொல்லலை" என்றார். ஆறாம் நாள் டப்பாவைத் தூக்கி எறியாததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

கடிக்க ஏதாவது வேணும் சார்!

வயிறு நிறைந்தும் ஏன் சாப்பிட்ட மாதிரியே இல்லை? 2000ல் வெளியான ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. 15 பேருக்குத் தினம் 450 கலோரி ஜெல்லி மிட்டாய், நாலு வாரம். பிறகு அதே 450 கலோரி சோடா பானமாக, நாலு வாரம். மிட்டாயைத் தின்றபோது மற்ற சாப்பாட்டைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். பானத்தைக் குடித்தபோது குறைக்கவில்லை, எடை ஏறியது. மென்று தின்றதை உடம்பு வரவு வைக்கிறது. குடித்ததைப் பாதி மறந்துவிடுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. 'நீராகாரம்' என்று பெயரே வைத்திருக்கிறோமே! ஆனால் சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ கடித்துக்கொள்ளாமல் யாராவது அதைக் குடித்ததுண்டா? இன்னொன்று, ஆடிக்கூழோ ரம்ஜான் நோன்புக் கஞ்சியோ, எதுவுமே தனி ஆளுக்குக் காய்ச்சுவதில்லை. அண்டாவில் காய்ச்சுகிறார்கள், தூக்குச்சட்டியோடு ஊரே வருகிறது. ஷேக்கர்தான் ஒண்டிக்கட்டை. மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து பங்கு பிரிக்கும்போது, நான் மட்டும் ஜன்னலோரம் நின்று குலுக்கிக்கொண்டிருந்தேன். பசியைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

பத்தாம் நாள் எடை 83.5. மூன்றரைக் கிலோ! துள்ளிக் குதித்தேன். டாக்டர் குதிக்கவில்லை. "இதுல பெரும்பங்கு தண்ணி தம்பி. உடம்புல சேமிச்ச மாவுச்சத்து கரையும்போது அதோட இருந்த தண்ணியும் போயிடும். சோறு தின்னா கொஞ்சம் திரும்பி வரும்" என்றார். வந்தது. ஒன்றரைக் கிலோ.

ஆக, இந்த பவுடர் மருந்து மாதிரி. அளவும் நாளும் டாக்டர் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக இதில் இறங்கவே கூடாது. மாத்திரையைக் குறைக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி ஆபத்தாகிவிடும். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்பு உண்டு. நமக்கு நேரம் மிச்சமாகுமே என்று டப்பாவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பவுடரை நிறுத்திய மறுநாள் என்ன சாப்பிடுவது என்று தெரியாவிட்டால், ஓப்ராவின் தள்ளுவண்டி நமக்கும் உண்டு.

நான் மறுநாள் கணக்கை எழுதி வைத்துக்கொண்டேன். ராத்திரி பதினோரு மணி பரோட்டா ரத்து. ஆபீஸில் லேட்டானால் மட்டும் ஒரு டம்ளர் பவுடர், கூடவே கடிக்க ஒரு வெள்ளரிக்காய். மாலையில் முக்கால் மணி நடை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 5.9. இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி.

மதியம் அண்ணாச்சி மெஸ்தான். அரை சாதம், இரண்டு மடங்கு பொரியல். "சோத்தைக் குறைச்சுட்டீகளே, ரேட்டையும் குறைக்கலாம்லா அண்ணாச்சி?" என்று அவர் பாஷையிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"பொரியலு சும்மாவா வருது?" என்று முழு டோக்கனையும் கிழித்துக்கொண்டார்.